பில் சேவ் ஆக ஏன் இழுக்கிறது?

கேள்வி: எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஓடுகிறது. நான்கு எஸ்எஸ்டி, ரெய்டு 5 (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ஒரு முறை). மாலைக் கூட்டத்தில் பில் சேவ் ஆக இழுக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்னும் மோசம். விநாடிக்கு 3,500 எம்பி எழுதும் என்விஎம்ஈ (வேகமான எஸ்எஸ்டி வகை) வாங்கலாமா?

பதில்: அந்த 3,500-ஐ விட்டுத் தள்ளுங்கள். பெரிய ஃபைலை ஒரே மூச்சில் எழுதும்போது கிடைக்கிற எண் அது. ஒரு பில்லுக்கு டேட்டாபேஸ் லாக்கில் (மாற்றங்களை முதலில் பதியும் குறிப்பேடு) எழுதுவது சில கேபிதான். ஆனால் ‘பத்திரமாக எழுதியாகிவிட்டது’ என்று டிஸ்க் சொல்லும்வரை, அதாவது எஃப்சிங்க் முடியும்வரை, கமிட் (பில் பதிவு உறுதியாவது) நகராது. அந்தப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதை போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் காட்டும். கூட்டமில்லாத நேரத்தில், அதே டிஸ்க்கில் ஓட்டிப் பாருங்கள்.

மில்லிசெகண்டுகளில் வந்தால் டெஸ்க்டாப் ரக எஸ்எஸ்டியாக இருக்கலாம். கரண்ட் போனால் கேஷில் (டிஸ்க்கின் தற்காலிக நினைவகம்) இருப்பதைக் காப்பாற்றும் கெபாசிட்டர் பெரும்பாலும் அதில் இருக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் நிரந்தரமான ஃபிளாஷ் சிப்வரை எழுதியாக வேண்டும். சர்வர் ரகம் கெபாசிட்டர் இருக்கிற தைரியத்தில் உடனே ‘சரி’ சொல்லிவிடும். என்விஎம்ஈ வாங்கினாலும் ‘பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன்’ உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ரெய்டு கார்டு இருந்தால் அதன் பேட்டரியையும் பாருங்கள். பேட்டரி செத்தால் பல கார்டுகள் சத்தமில்லாமல் ரைட் கேஷை நிறுத்திவிடும்.

ரெய்டு 5-இல் ஒரு சின்ன ரைட்டுக்குப் பழைய டேட்டாவையும் பாரிட்டியையும் (ஒரு டிஸ்க் போனால் டேட்டாவை மீட்க உதவும் கணக்கு) படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும்: மொத்தம் 4 வேலை. ரெய்டு 10-இல், ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதுவதால், 2தான். ஒரு டிஸ்க் அளவு இடம் குறையும், குறையட்டும்.

அப்புறம் அந்த ஐந்து நிமிடம். நினைவகத்தில் சேர்ந்த மாற்றங்களை டேட்டா ஃபைல்களில் எழுதி முடிப்பதுதான் செக்பாயிண்ட். அதன் இடைவெளியான செக்பாயிண்ட் டைம்அவுட்டின் டீஃபால்ட்டே 5 நிமிடம்தான்! ஒவ்வொரு செக்பாயிண்ட்டுக்குப் பிறகும், ஒரு பேஜ் (டேட்டா ஃபைலின் ஒரு துண்டு) முதல்முறை மாறும்போது அதன் 8 கேபியும் முழுதாக லாக்கில் ஏறும். அதனால்தான் அந்த நேரத்தில் லாக் ஊதுகிறது. டைம்அவுட்டை 15 நிமிடமாக்கி, மேக்ஸ் வால் சைஸையும் (லாக் வளரக்கூடிய அளவு) 1 ஜிபியிலிருந்து உயர்த்துங்கள். இல்லாவிட்டால் அளவு நிரம்பி, செக்பாயிண்ட் முன்னதாகவே வந்துவிடும். சர்வர் கிராஷ் ஆனால் மீண்டு வரச் சற்று நேரம் கூடும், அவ்வளவுதான். இதற்குக் காசும் வேண்டாம், ரீஸ்டார்ட்டும் வேண்டாம், ரீலோட் (செட்டிங்கை மறுபடி படிக்கவைப்பது) போதும். முதலில் இதைச் செய்யுங்கள்.

எஃப்சிங்க்கையே ஆஃப் செய்யச் சொல்பவர்கள் வருவார்கள். கேட்காதீர்கள், கரண்ட் போனால் டேட்டாபேஸே கெட்டுப்போகலாம். சிங்க்ரனஸ் கமிட்டை (டிஸ்க்கின் பதிலுக்குக் கமிட் காத்திருப்பதை) ஆஃப் செய்தால் டேட்டாபேஸ் கெடாது. ஆனால் கடைசிச் சில பில்கள் காணாமல் போகலாம். வாடிக்கையாளர் கையில் பில் இருக்கும், உங்கள் கணக்கில் இருக்காது.