வானிலை படிக்க எவ்வளவு கணக்கு வேண்டும்?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகிறேன். வானிலை முன்னறிவிப்பு படிக்க எங்கே சேரலாம்? கணக்கு நிறைய வருமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் (குசாட்) விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்சி. வானிலையியல் இருக்கிறது. கணக்கு வரும், நிறையவே. மேகத்தை ரசித்துச் சேர்ந்தவர்கள் தடுமாறுவது வளிமண்டல இயக்கவியலில்தான். வெக்டர் கால்குலஸ், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை இப்போதே கரைத்துக் குடித்துவிடுங்கள். பைத்தான் நிரல்மொழியும் பழகுங்கள்.

மீனம்பாக்கம், காரைக்கால் வானிலை பலூன்களின் தரவு இணையத்தில் இலவசம். அதில் வெப்பநிலை, பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இரண்டையும் உயரவாரியாக வரைந்து பாருங்கள். கோடுகள் ஒட்டி நின்றால் அந்த அடுக்கில் ஈரப்பதம் அதிகம். சுமார் 3 கி.மீ. உயரத்துக்கு, அதாவது காற்றழுத்தம் 700 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் மட்டத்துக்கு மேலே அகன்று விலகினால் வறண்ட காற்று புகுந்திருக்கிறது. கீழே புழுங்கினாலும் மழை ஏமாற்றலாம். செயலியின் வண்ணப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.