படர்தாமரைக்கு எந்த மருத்துவரிடம் போவது?

கேள்வி: எனக்கு வயது 34. பரமக்குடிக்கு அருகில் வசிக்கிறேன். எட்டு மாதங்களாக இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை இருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பைத் தடவினால் நான்கே நாட்களில் அடங்கிவிடுகிறது. நிறுத்தினால் முன்பைவிட அகலமாகப் படருகிறது. இப்போது கணவருக்கும் வந்துவிட்டது. ‘ஸ்கின் கிளினிக்’ என்று பலகை வைத்திருந்த ஓர் இடத்துக்குப் போனேன். முகப்பொலிவுச் சிகிச்சைக்கு முன்பணம் கட்டச் சொன்னார்களே தவிர, இடுப்பைப் பார்க்கவே இல்லை. சரியான தோல் மருத்துவரை எப்படிக் கண்டறிவது?

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடையின் பாதி இருக்கிறது. தோல் மருத்துவம் பார்க்கிறேன் என்று உட்கார்ந்திருப்பவர் தோலைப் பார்க்கவில்லை என்றால், அங்கிருந்து எழுந்து வந்ததில் தவறே இல்லை.

முதலில் பட்டத்தைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்றாண்டுகள் படித்துப் பெறும் எம்.டி. அல்லது டி.என்.பி. பட்டமோ, இரண்டாண்டு டிப்ளமோவான டி.டி.வி.எல். அல்லது பழைய டி.வி.டி.யோ பெயருக்குப் பின்னால் இருக்க வேண்டும். எம்.டி. என்று மட்டும் இருந்தால் போதாது; பொது மருத்துவத்துக்கும் அதே எழுத்துகள்தான். எனவே டி.வி.எல். என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். தோல், பால்வினை நோய், தொழுநோய் என்ற மூன்று துறைகளையும் அது குறிக்கிறது. பலகையில் பின்னிரண்டு சொற்களையும் கண்டு கூச்சப்பட்டு, படியேறாமல் திரும்பிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் அந்தச் சொற்கள்தான் அவர் முறையாகப் படித்தவர் என்பதற்கான அடையாளம். உணர்ச்சியற்ற வெளிறிய தேமலைத் தொழுநோயின் தொடக்கம் என்று பிரித்தறியவும் அந்தப் பயிற்சிதான் உதவுகிறது. காஸ்மெட்டாலஜி, ஏஸ்தெட்டிக்ஸ் என்ற பெயர்களில் அழகுச் சிகிச்சைக்காகச் சில வாரங்களில் முடியும் சான்றிதழ்கள் இதற்கு ஈடாகா.

மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணையும் பெயரையும் கொண்டு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ தேடிப் பார்க்கலாம். இணையத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய இடங்களைவிட இந்தச் சரிபார்ப்பை நான் அதிகம் நம்புவேன். நட்சத்திரங்கள் பெரும்பாலும் வரவேற்பறையின் குளிர்ச்சிக்கும் காத்திருந்த நேரத்துக்கும் கிடைப்பவை.

பட்டம் இருந்தும் அவசர அவசரமாக அனுப்பிவிடுபவர்களும் உண்டு என்பதால், முதல் சந்திப்பில் அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். உங்கள் நோயில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: “இதுவரை என்னென்ன தடவினீர்கள்?” நான்கு நாளில் அரிப்பை அடக்கி, நிறுத்தியதும் பெரிதாகப் படரவிடுகிற களிம்பில் பெரும்பாலும் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லியோடும் ஆன்டிபயாட்டிக்கோடும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குவதால் சிவப்பும் அரிப்பும் மறைகின்றன. படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையோ அடியில் தடையின்றி வளர்கிறது. படையின் வட்ட வடிவமே கலைந்து, பார்த்தவுடன் படர்தாமரை என்று சொல்ல முடியாத நிலைகூட வரும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற வரிகள் விழுந்தால் அவை முற்றிலும் மறைவதில்லை. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை எச் அட்டவணையின் கீழ் கொண்டுவந்து, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது இதனால்தான். கடைகளில் அது எப்படிக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை உங்கள் எட்டு மாத அனுபவமே சொல்கிறது.

ஆகவே பயன்படுத்திய எல்லா டியூப்களையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நல்ல தோல் மருத்துவர் நல்ல வெளிச்சத்தில் இடுப்பையும் தொடையையும் பார்ப்பார். மற்ற இடங்களிலும் இருக்கிறதா என்று கேட்பார். ஐயம் இருந்தால் படையின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பூஞ்சையைத் தேடச் சொல்வார். கருவுற்றிருக்கிறீர்களா, அதற்கான எண்ணம் உண்டா என்று விசாரிப்பார். பூஞ்சைக்கான மாத்திரைகளில் சில கர்ப்ப காலத்தில் தரக் கூடாதவை. ஆண் மருத்துவராக இருந்தால் பரிசோதனையின்போது பெண் உதவியாளர் உடனிருக்க வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று சொல்வதும் உங்கள் உரிமை. ஒரே வாரத்தில் குணம் என்று வாக்குக் கொடுப்பவரையும், முதல் நாளிலேயே தவணைத் திட்டத்தை நீட்டுபவரையும் தவிர்த்துவிடுங்கள். இப்போது நம் நாட்டில் பரவும் பூஞ்சை வகைகளில் பல, வழக்கமான மாத்திரைகளுக்கு எளிதில் அடங்குவதில்லை. சிகிச்சை பல வாரங்கள் நீளும், தோல் தெளிந்த பிறகும் சில நாட்கள் தொடர வேண்டியிருக்கும் என்று நேராகச் சொல்பவரே நம்பத் தக்கவர்.

தனியார் மருத்துவருக்காக மதுரைக்கு அலைய வேண்டும் என்பதில்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் இராமநாதபுரமும் ஒன்று. மருத்துவக் கல்லூரி என்றால் தோல் துறை இருந்தாக வேண்டும். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும், முகப்பொலிவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்; படர்தாமரையைத் தினமும் பார்க்கும் கண்கள் அங்கே இருக்கின்றன.

அந்தக் களிம்பை இன்றே நிறுத்திவிடுங்கள். சில நாட்கள் அரிப்பு கூடலாம். அதற்குப் பயந்து மறுபடியும் தடவ வேண்டாம். துண்டையும் உள்ளாடையையும் தனியாகத் துவைத்து வெயிலில் காய வையுங்கள். கணவரையும் அதே நாளில் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவரிடமிருந்து அது திரும்ப வந்துவிடும்.