1976 மாடல் கார்வெட் (செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றின் பின் பம்பர் வெடித்து, பெயின்ட் உரிகிறது. சரிசெய்யலாமா, மாற்றிவிடலாமா?

பெயின்ட் இருக்கட்டும், அடியில் இருக்கும் யூரித்தேனுக்கு (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) உயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பம்பரைக் கழற்றி, பின்பக்கம் பெயின்ட் படாத இடத்தில் கட்டை விரலால் அழுத்துங்கள். அமுங்கி மறுபடி எழும்பினால் தாராளமாக வேலை செய்யலாம். பிஸ்கட் போல உதிர்ந்தால் அதற்கு ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம்.

அமெரிக்க அரசு 1973 மாடல்களில் முன் பம்பர் மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்க வேண்டும் என்றது. அடுத்த வருடம் பின் பம்பருக்கும் அதே விதி. அதனால்தான் 1973 கார்வெட்டில் முன்னால் யூரித்தேன், பின்னால் குரோம். 1974இல் பின்பக்கமும் யூரித்தேன் ஆனது, நடுவில் இணைப்புக் கோட்டோடு இரண்டு துண்டாக. 1975 முதல் ஒரே துண்டு. உங்களுடையது அந்த வகை.

என்னிடம் இருப்பது 1977. வயதாக ஆக யூரித்தேன் உருமாறும், போல்ட் பிடித்த இடம் நகராது. மேல் விளிம்பு அலை அலையாக நெளிந்திருந்தால் காரணம் அதுதான். ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) மிதமாகச் சூடாக்கி அழுத்தினால் ஓரளவு படியும், முழுக்க நேராகாது.

பழைய பெயின்ட்டை எடுக்க ரிமூவர் ஊற்றவே ஊற்றாதீர்கள். யூரித்தேன் அதைக் குடித்து ஊதிவிடும். உப்புத்தாள்தான் வழி. தேய்க்கும்போது தூளாக வரும். பிற்காலக் கார்களின் பாலிபுரொப்பிலீன் பம்பர் என்றால் நூல் நூலாக இழுபடும், அதற்கு ஒட்டும் பொருளே வேறு.

வெடிப்பின் நுனியில் சின்னத் துளை போடுங்கள், மேலும் ஓடாது. முன்பக்கம் 'வி' வடிவில் பள்ளம் எடுத்து, பின்பக்கம் முரடாகத் தேய்த்து, யூரித்தேனுக்கென்றே வரும் இரண்டு பாகப் பசையில் கண்ணாடி இழை வலையைப் பதியுங்கள். அது இறுகியபின் முன்பக்கப் பள்ளத்தை நிரப்புங்கள். இந்த வேலையில் பாதிப் பேர் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான்: தகரத்துக்குப் போடும் சாதாரணப் பட்டியை இங்கேயும் போட்டுவிடுகிறார்கள். பம்பர் வளையும், பட்டி வளையாது, அதே இடத்தில் மறுபடி விரிசல். வளையும் பட்டியாகக் கேட்டு வாங்குங்கள். 180, 320 நம்பர் உப்புத்தாள் என்று தேய்த்துக்கொண்டு போய், பிரைமரிலும் கிளியரிலும் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு), பெயின்ட்டை வளைய வைக்கும் ஃப்ளெக்ஸ் கலவையைப் பெயின்ட் நிறுவனம் சொன்ன அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடினாலும் கெடுதல்தான், கிளியர் சரியாக இறுகாது.

ஒரு விஷயம், தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். இந்த டூ-கே (இரண்டு பாகம் கலந்து அடிக்கும்) பெயின்ட்டுகளை இறுக வைக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. நுரையீரலை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். வெளிக்காற்று வரும் முகமூடி இல்லையென்றால் தேய்ப்பது வரை வீட்டில் செய்துவிட்டு, ஸ்ப்ரே வேலையைக் கார் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கே கொடுத்துவிடுங்கள்.

மாற்றுவதானால் ஃபைபர் கிளாஸிலும் கிடைக்கிறது. நேராக, அழகாக நிற்கும், ஆனால் பார்க்கிங்கில் யாராவது லேசாக இடித்தாலே வெடிக்கும். ஓட்டுகிற காருக்கு நான் யூரித்தேனைத்தான் சொல்வேன். எதுவானாலும் பெயின்ட்டுக்கு முன்னால் ஒருமுறை காரில் மாட்டி, இடைவெளி சரியா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம், பாடிக்கும் பம்பருக்கும் நிறம் ஒரு பொடி வித்தியாசப்பட்டால் கவலைப்படாதீர்கள். தொழிற்சாலையிலேயே இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் பெயின்ட் அடித்தார்கள்.