இரவு முழுவதும் விளக்கு எரிந்தால் முட்டை கூடுமா?

கேள்வி: ஆழ்கூளக் கொட்டகையில் (தரையில் உமி போன்ற கூளம் பரப்பியது) 400 முட்டைக் கோழிகள் வளர்க்கிறேன். வயது 32 வாரம். வெளிச்சம் கூடினால் முட்டை கூடும் என்றார்கள். ஒரு மாதமாக இரவு முழுவதும் விளக்கு எரிகிறது. முட்டை கூடவில்லை. தோல்முட்டை (ஓடில்லாத முட்டை) விழுகிறது, ஒன்றையொன்று கொத்துகின்றன. விளக்கை அணைத்துவிடலாமா?

பதில்: அணைக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரே இரவில் வேண்டாம். இருட்டையே மறந்துவிட்ட கோழிகள் திடீரென்று இருட்டானால் மிரண்டு மூலையில் குவியும். அடியில் மாட்டியவை மூச்சுமுட்டிச் சாகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரமாக இருட்டைக் கூட்டி, 16 மணி நேர வெளிச்சம், 8 மணி நேர இருட்டு என்ற அளவுக்கு வாருங்கள்.

வெளிச்சம் முட்டையைத் தூண்டும் என்று உங்களுக்குச் சொன்னது பொய்யல்ல. கோழியின் மூளைக்குள்ளேயே ஒளியை உணரும் செல்கள் உள்ளன. நீண்ட பகல் அவற்றின் வழியாகச் சினைப்பையைத் தூண்டுகிறது. அதற்கு 16 மணி நேரம் தாராளம். மீதி நேரம் மூளையில் உள்ள பினியல் சுரப்பிக்கு உரியது. செரட்டோனின் என்ற பொருளை மெலடோனின் என்ற இரவு ஹார்மோனாக மாற்றும் வேலையைத் தொடங்கி வைக்கும் நொதி அங்கே பகலில் அடங்கிக் கிடக்கும். இருட்டியதும் அதன் வேகம் பல மடங்கு ஏறும். நடு இரவில் விளக்கைப் போட்டால் அந்த நொதி சிதையத் தொடங்கி, மெலடோனினும் சரிந்துவிடும். மாட்டுக்குக் கண் வழியாகத்தான் வெளிச்சம் பற்றிய செய்தி பினியலுக்குப் போகிறது. கோழிக்கோ மெல்லிய மண்டையோட்டைத் தாண்டி ஒளி நேராகவே அந்தச் சுரப்பியை எட்டும். சுரப்பியைத் தனியே எடுத்து வளர்ப்பு ஊடகத்தில் வைத்தாலும் அதன் செல்கள் இரவு பகல் தாளத்தைச் சில நாட்கள் விடாமல் காட்டுகின்றன. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! விடிய விடிய விளக்கு எரிந்தால் அத்தனையும் குலைகிறது: உறக்கம் கெடுகிறது, கோழிகள் எரிச்சலடைந்து கொத்துகின்றன, முட்டையிடும் நேரமும் தாறுமாறாகிறது.

காலை 4 மணிக்கு விளக்கு எரிந்து, விடிந்ததும் அணைந்து, மாலையில் மீண்டும் எரிந்து 8 மணிக்கு அணையும்படி டைமர் வையுங்கள். மின்தடைக்குப் பிறகு டைமரின் நேரத்தைச் சரிபாருங்கள். தீவன மட்டத்தில் 10 முதல் 20 லக்ஸ் (வெளிச்ச அளவின் அலகு) வெளிச்சம் போதும். வெளிச்சத்தை 16 மணி நேரத்துக்குக் கீழே மட்டும் குறைத்துவிடாதீர்கள். முட்டையிடும் பருவத்தில் பகல் சுருங்கினால் முட்டை குறையும்.

ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரமாகிறது, அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. அதனால் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்காக மாலைத் தீவனத்துடன் கிளிஞ்சலைக் குறுணையாக உடைத்துப் போடுங்கள், தூளாக வேண்டாம். இருட்டு முறைக்கு வந்து மூன்று வாரமான பிறகும் தோல்முட்டை நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சில வைரஸ் நோய்களிலும் ஓடு இப்படித்தான் கெடும்.