மனநல மருத்துவரிடம் போனால் என் தங்கையின் டாக்டர் வாழ்க்கை கெட்டுவிடுமா?

கெடாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பி.ஜி. இரண்டாம் வருடத்தில் இருக்கும் தங்கை இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை, டாக்டரைப் பார்க்கலாம் என்றால் "வெளியே தெரிந்தால் மெடிக்கல் கவுன்சில் பதிவு போய்விடும், வரனும் வராது" என்று அழுகிறாள் என எழுதியிருக்கிறீர்கள். பத்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். எனக்குப் பள்ளத்தூர். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து, இப்போது காரைக்குடிப் பக்கம் நோயாளிகளைப் பார்க்கிறேன்.

எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை. முப்பத்தாறு மணி நேர டூட்டி முடியும் நேரம், ஒரு பெரியவரின் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். பாதியில் கணக்கு விட்டுப்போனது. திரும்ப எண்ணினேன், திரும்பவும் விட்டுப்போனது. மூன்றாவது முறை அவரே, "என்ன ஆத்தா, கணக்கு நிக்கலையா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் பயந்தேன். யூனிட்டில் மூத்தவர் ஒருவரிடம் சொன்னதற்கு, "இதுக்கே இப்படின்னா எதுக்கு மெடிசின் எடுத்த?" என்றார். அப்புறம் ஐந்து மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எத்தனையோ கேஸ் ஷீட்டில் மனச்சோர்வு என்று எழுதியிருக்கிறேன். எனக்கென்று வந்தபோது அந்தச் சொல்லை நினைக்கக்கூட முடியவில்லை.

கடைசியில் திருச்சிக்குப் போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். மதுரை என்றால் தெரிந்த முகம் யாராவது இருக்கும் என்று பயம். லீவு போட்டு ஊருக்கு வந்ததும், அம்மா கேட்டவர்களிடமெல்லாம் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு ஆச்சி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து தினமும் காலையில் கொண்டுவருவார். நான் குடித்து முடிக்கும்வரை வளவில் நின்று பார்ப்பார். அவ்வளவு பாசம். ஒன்பது நாள் குடித்தேன். உண்மையான மாத்திரையைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன்.

ஒருநாள் அப்பத்தா கேட்டார்: "உனக்குக் காமாலை இல்லைதானே?" அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். வந்தபின் ரெண்டு வருடம் முகப்புத் திண்ணையிலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். ஊருக்கு வயித்துக்கோளாறு என்று சொல்லி வைத்திருந்தார்களாம். "எனக்கே அப்படித்தான் சொன்னாக. நானும் வயித்துவலின்னே நெனச்சேன்" என்றார். எழுபது வருடம் கழித்தும் எங்கள் வீட்டில் அதே பொய், வியாதியின் பெயர் மட்டும் வேறு.

இப்போது உங்கள் கேள்வி. மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டதற்காக யாருடைய பதிவும் போவதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். சட்டமே சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, அவள் சம்மதம் இல்லாமல் டாக்டர் அதை வெளியே சொல்ல முடியாது. கல்லூரிக்கும்தான். அவள் தனியாளும் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், கருத்துக்கணிப்பில் கலந்துகொண்ட எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்குமேல் வேலை கூடாது என்று அதே குழு பரிந்துரைத்தது. அவ்வளவு வேலை வாங்கிவிட்டு, உடைந்தவளைப் பலவீனமானவள் என்பது அநியாயம்.

அவள் தானே மாத்திரை எழுதிப் போட்டுக்கொள்கிறாளா என்று கேளுங்கள். டாக்டர்கள் நிறையப் பேர் செய்கிற தப்பு இது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், பாதியில் தானாக நிறுத்தவும் கூடாது. வேறொருவர் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

போனில் பேசிக்கொண்டிருக்காமல் இந்த வாரமே நேரில் போங்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அவளை ஊருக்குக் கூட்டிவந்தால், கேட்பவர்களிடம் காமாலை என்று மட்டும் சொல்லாதீர்கள். "உடம்பு முடியலை, வைத்தியம் நடக்குது" என்றால் போதும். அது பொய்யும் இல்லை.