வெளியூரில் வாங்கிய பைக்கை ஊர் கொண்டுவந்து சேர்ப்பது: கேள்வி பதில்

ரயில் பார்சலிலும் லாரியிலும் வண்டி ஏற்றி இறக்குவதுதான் பல வருஷமா என் பிழைப்பு. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு ஒவ்வொண்ணா பதில் சொல்றேன். ஒரே மாதிரி கேட்டவங்களைச் சேர்த்துட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து: அண்ணே, டெல்லியில ஒரு செகண்ட் ஹேண்ட் புல்லட் பேசி முடிச்சிருக்கேன். ரயிலா, லாரியா? ரயில்னா லக்கேஜா போடணுமா, பார்சலா போடணுமா?

ரயில்தான் தம்பி, அதுவும் நேரடி ரயில் இருக்கிறதால. டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷன்ல ஏறினா திருநெல்வேலியில இறங்குற திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கு. வாரத்துக்கு ரெண்டு நாள்தான் ஓடும், ஆனா அதுக்காகக் காத்திருக்கலாம். பைக் ரயில் ஓடும்போது அடிபடுறதில்லை. ஒரு வண்டியில இருந்து இறக்கி, பிளாட்பாரத்துல போட்டு, இன்னொரு வண்டியில ஏத்துறாங்களே, அங்கேதான் இண்டிகேட்டர் உடையும், டேங்க் நசுங்கும். நடுவுல மாத்தி ஏத்துற வழியில அனுப்பினா ரெண்டு நாள் சீக்கிரம் கிளம்பும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

லக்கேஜ்னா அதே ரயில்ல உங்களுக்கு டிக்கெட் இருக்கணும், வண்டியும் உங்களோடவே வரும். பார்சலுக்கு டிக்கெட் வேண்டாம், ஆனா எந்த ரயில்ல ஏத்துறதுங்கிறது இடம் கிடைக்கிறதைப் பொறுத்தது. கட்டணம் லக்கேஜுக்குத்தான் அதிகம். டிக்கெட்டுக்கு உண்டான இலவச எடை பைக்குக்குச் செல்லாது, முழு எடைக்கும் காசு கட்டணும். உங்க கேஸ்ல எப்படியும் பணம் கொடுத்து பேப்பர் வாங்க டெல்லி போகத்தான் போறீங்க. திரும்பி வர்ற டிக்கெட்டுலயே லக்கேஜா போட்டுடுங்க. ரயில் கிளம்புறதுக்கு நாலஞ்சு மணி நேரம் முன்னாடியே பார்சல் ஆபீஸ்ல நிக்கணும். ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், அடையாள அட்டை, டிக்கெட் நகல் எல்லாம் ரெண்டு ரெண்டு செட் வெச்சுக்குங்க. ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேர்லதான் இருக்கும்ங்கிறதால அவர் கையெழுத்துப் போட்ட விற்பனைக் கடிதமும் அவரோட அடையாள அட்டை நகலும் கையில இருக்கட்டும்.

சேலத்திலிருந்து: பேக்கிங் அவங்களே பண்ணுவாங்களா? பெட்ரோலை எப்ப எடுக்கணும்?

ரயில்வே பேக்கிங் பண்ணாது. பார்சல் ஆபீஸ் வாசல்ல கோணி ஊசியும் சணல் கயிறுமா உட்கார்ந்திருக்கிற ஆட்கள்தான் பண்ணுவாங்க. பேரம் முன்னாடியே பேசிக்கணும். அவங்க பழக்கம் என்னன்னா, டேங்க் மேல வைக்கோலோ அட்டையோ போட்டு, அதுக்கு மேல சாக்கைச் சுத்தித் தெச்சுடுவாங்க. டேங்குக்கு அது போதும். ஹெட்லைட், மீட்டர், சைலன்சர் மூணையும் அவங்க பெருசா கண்டுக்க மாட்டாங்க. ஒரு பழைய போர்வையும் கொஞ்சம் தெர்மாகோலும் நீங்களே கொண்டுபோய் கொடுத்து, 'இங்கே சுத்துங்க பையா'ன்னு பக்கத்துல நின்னு பாருங்க.

அதுக்கு முன்னாடி நீங்க பண்ண வேண்டியது சிலது இருக்கு. கண்ணாடி ரெண்டையும் கழட்டிப் பையில போட்டுக்குங்க. கிளட்ச் லீவர், பிரேக் லீவர் ரெண்டும் ஹேண்டில் பார்ல பிடிச்சிருக்கிற கிளாம்ப் ஸ்க்ரூவை லேசாத் தளர்த்துங்க. வண்டி சாய்ஞ்சாலும் லீவர் சுத்திக்கும், உடையாது. கியர் நியூட்ரல்ல இருக்கணும். ஹேண்டில் லாக் போடவே கூடாது. லாக் போட்ட வண்டியை உருட்ட முடியாது, தூக்கித்தான் போடுவாங்க. அப்படித் தூக்கிப் போட்ட வண்டி எந்தக் கோலத்துல வரும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. சாவி உங்க பாக்கெட்ல.

பெட்ரோல் டேங்க் காலியா இருந்தாத்தான் ஏத்துவாங்க, மிச்சம் இருந்து பிடிபட்டா அபராதம். கார்புரேட்டர் வண்டின்னா டேங்க்ல இருந்து டியூப் வெச்சு இறக்கிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில இருக்கிற ட்ரெயின் ஸ்க்ரூவையும் திறந்து விடுங்க. அதுல நிக்கிற கொஞ்சம்தான் வழியெல்லாம் வாடை அடிக்கும். எஃப்.ஐ. வண்டியை, அதாவது கார்புரேட்டர் இல்லாம பம்ப் வெச்சு பெட்ரோலைப் பீச்சுற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியை, பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓட்டிக் காலி பண்ணாதீங்க, பம்ப் வறண்டு ஓடினா கெட்டுப்போகும். பேட்டரியில நெகட்டிவ் வயரைக் கழட்டி டேப் சுத்திடுங்க.

கடைசியா, கனமான அட்டையில ஏறுற ஸ்டேஷன், இறங்குற ஸ்டேஷன், வண்டி நம்பர், உங்க போன் நம்பர் எல்லாம் மார்க்கர்ல பெருசா எழுதி, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு கட்டுங்க. சாக்கு மேலயும் எழுதுங்க. அட்டை பிய்ஞ்சு போறது சகஜம்.

மதுரையிலிருந்து: ரயில்ல வண்டி டேமேஜ் ஆனா நஷ்டஈடு கிடைக்குமா சார்?

புக் பண்ணும்போது மதிப்பு எழுதி அதுக்கான கூடுதல் சதவீதக் கட்டணம் கட்டலைன்னா, ரயில்வேயோட பொறுப்பு எடைக் கணக்குதான். பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய், லக்கேஜுக்கு 100 ரூபாய். 140 கிலோ வண்டி தொலைஞ்சே போனாலும் பார்சல்ல அதிகபட்சம் 7,000 ரூபாய்தான். அதனால மதிப்பை எழுதுங்க, அந்தக் காசைக் கட்டுங்க.

இறக்கினதும் சாக்கைப் பிரிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க. அடி இருந்தா 'ஓப்பன் டெலிவரி வேணும்'னு அங்கேயே எழுதிக் கொடுத்துச் சேதத்தைப் பதிவு பண்ண வைங்க. நஷ்டஈட்டுக்கு எழுத்துமூலமா நோட்டீஸ் கொடுக்க, புக் பண்ணின தேதியில இருந்து ஆறு மாசம் டைம்.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியாது. உங்க பைக் இன்சூரன்ஸ் ஓன் டேமேஜும் (உங்க வண்டிக்கே ஆகுற சேதம்) சேர்ந்த பாலிசின்னா, ரயில்லயோ லாரியிலயோ கொண்டுபோகும்போது ஏற்படுற சேதமும் அதுல அடங்கும். பாலிசி தாளை எடுத்துப் படிங்க, 'ரோடு, ரயில், உள்நாட்டு நீர்வழி'ன்னு அந்த வரியே இருக்கும். வெறும் தேர்டு பார்ட்டின்னா கிடையாது. ஆனா பாலிசி பழைய ஓனர் பேர்லயே கிடந்தா க்ளைம்ல இழுத்தடிப்பாங்க. வண்டி கைமாறின 14 நாளுக்குள்ள பேர் மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துடணும்.

ஓசூரிலிருந்து: ப்ரோ, புனேல இருந்து பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ்ல போடலாம்னு இருக்கேன். ஒருத்தர் ரொம்ப கம்மியா சொல்றார்.

கம்மியா சொல்றவர்கிட்ட தூரமா இருங்க. இந்தத் தொழில்ல பழைய ஏமாத்து ஒண்ணு உண்டு. பாதி அட்வான்ஸ் வாங்கி வண்டியை எடுத்துட்டுப் போவாங்க. பாதி வழியில போன் வரும், 'டேக்ஸ் கட்டணும், இன்னொரு 6,000 போடுங்க, இல்லைன்னா வண்டி குடோன்லதான் நிக்கும்'னு. பெரிய கம்பெனி பேரை அப்படியே காப்பி அடிச்சு போர்டு வெச்சிருப்பாங்க. ஜி.எஸ்.டி. நம்பரை வாங்கி அரசு இணையதளத்துல போட்டுப் பாருங்க, முகவரி ஒத்துப்போகணும். வண்டி எடுக்கிற அன்னிக்கே லாரி ரசீது கையில வரணும். வடக்கே இதை பில்டின்னு சொல்வாங்க. விசிட்டிங் கார்டு பின்னால எழுதிக் கொடுத்தா அது ரசீது இல்லை.

வண்டியைக் கொடுக்கும்போது நாலு பக்கமும் போட்டோ எடுங்க, மீட்டர்ல ஓடின கிலோமீட்டரையும் எடுங்க. குடோன்ல இருந்து குடோனுக்கு ஓட்டியே கொண்டுபோற ஆட்கள் இருக்காங்க.

லாரியில கட்டுறதையும் பார்த்துக்குங்க. சைடு ஸ்டாண்டுல நிறுத்திக் கட்டக் கூடாது. ஹேண்டில் பார் நுனியில கயிறு போடக் கூடாது, நடுவுல ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ரெண்டு குழாய்) சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும் பெல்ட் போட்டு இழுக்கணும். ஃபோர்க் பாதி அமுங்கினாப் போதும். முழுசா அமுக்கிக் கட்டி நாலு நாள் வந்தா ஆயில் சீல் போயிடும்.

கோவையிலிருந்து: ஆன்லைன்ல ஒரு ராணுவ வீரர் பைக் விக்கிறார். டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சாம். ராணுவப் பார்சல்ல வீட்டுக்கே அனுப்புறேன், 3,150 ரூபாய் மட்டும் முதல்ல போடச் சொல்றார்.

போடாதீங்க. ராணுவம் யாருக்கும் பைக் டெலிவரி பண்றதில்லை. ஐ.டி. கார்டும் கேன்டீன் கார்டும் அனுப்புவாங்க, எல்லாம் வேற யாரோடதோ. ஏற்கெனவே போட்டிருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் அடிங்க.

திருச்சியிலிருந்து: டெல்லியில பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 மலிவா கிடைக்குது. வாங்கலாமா?

மலிவுக்குக் காரணம் இருக்கு. டெல்லியில 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிக்குத் தடை வந்ததுல இருந்து பழைய வண்டி எல்லாம் வெளி மாநிலத்துக்குத்தான் தள்ளப்படுது. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996லயே நின்னு போச்சு, அதனால நீங்க பார்க்கிற எந்த வண்டியும் அந்த வயசைத் தாண்டினதுதான். கேள்வி வண்டியைப் பத்தி இல்லை, பேப்பரைப் பத்தி. அந்த ஆர்.டி.ஓ.வில இருந்து படிவம் 28ல தடையில்லாச் சான்று வாங்கித் தந்தாத்தான் முழுப் பணம்னு சொல்லுங்க. 'நீங்க போங்க சார், என்.ஓ.சி. கூரியர்ல வரும்'னா நம்பாதீங்க. அது இல்லாம இங்கே பேர் மாத்தவும் முடியாது, டி.என். நம்பர் வாங்கவும் முடியாது. சாஸி நம்பர் மேல பேப்பர் வெச்சு பென்சில்ல தேய்ச்சு எடுத்து ஆர்.சி.யோட ஒப்பிடுங்க. எழுத்து ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருந்தா அப்படியே எழுந்து வந்துடுங்க.

விழுப்புரத்திலிருந்து: வேற மாநில நம்பர்லயே ஓட்டினா என்ன?

12 மாசத்துக்கு மேல இங்கேயே வெச்சிருந்தா சட்டப்படி இந்த மாநில நம்பருக்கு மாத்தியாகணும். ஆயுள் வரியும் இங்கே தனியா கட்டணும், வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி குறையும். பழைய மாநிலத்துல கட்டினதுல மிச்சக் காலத்துக்குத் திரும்பக் கேட்கலாம், ஆனா அதுக்கு நடக்கிற நடைக்குச் செருப்புதான் தேயும். வாங்குறதுக்கு முன்னாடியே இந்த வரியையும் விலையோட கூட்டிப் பாருங்க. டெல்லி மலிவு பாதி அங்கேயே காணாமப் போகும்.

நாமக்கல்லிலிருந்து: புது பைக்கையே பெங்களூர் ஷோரூம்ல எடுத்தா லாபமா?

பெருசா இல்லைங்க. ஜி.எஸ்.டி. நாடு முழுக்க ஒண்ணுதான்: 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் 18 சதவீதம், அதுக்கு மேல 40. ஆயுள் வரியை எந்த மாநிலத்துல பதிவு பண்றீங்களோ அங்கேதான் கட்டணும். இங்கே கிடைக்காத மாடல், இல்லைன்னா ஆறு மாசம் வெயிட்டிங்னா மட்டும் யோசிங்க. அப்ப தற்காலிகப் பதிவோட எடுத்துட்டு வந்து உங்க ஆர்.டி.ஓ.வில நிரந்தரப் பதிவு போடணும். ஷோரூம்ல இருந்து படிவம் 21, 22, இன்வாய்ஸ், இன்சூரன்ஸ் நாலையும் ஒரிஜினலா வாங்கிட்டுத்தான் வெளிய வரணும். ஒரு படிவத்துக்காக மறுபடி பெங்களூர் போய் வந்தவங்களை எனக்குத் தெரியும்.

அதே நாமக்கல் நண்பர்: அப்ப ஓட்டியே வந்துடலாமா? புது வண்டி தாங்குமா?

பெங்களூர்ல இருந்து நாமக்கல்னா தாராளமா ஓட்டலாம். லாரிக்காரன்கிட்ட கொடுக்கிறதை விட எனக்கு அதுதான் பிடிக்கும், வண்டி ஒரே கையில வருது. ஒரே வேகத்துல பிடிச்சு ஓட்டாதீங்க, ஏத்தி இறக்கி ஓட்டுங்க. மேனுவல்ல போட்டிருக்கிற ஆர்.பி.எம். எல்லையைத் தாண்டாதீங்க. புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்கும், முதல் நூறு கிலோமீட்டர் வளைவுல சாய்க்க வேண்டாம். புது செயின் சீக்கிரமே தொங்கும், வீடு சேர்ந்ததும் ஒருதடவை பாருங்க. தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்துல லாரிகளுக்குப் பின்னால ஒட்டிப் போகாதீங்க, முன்னாலயும் நிக்காதீங்க. அங்கே பிரேக் பிடிக்காம வர்ற லாரி அடிக்கடி ஆளைக் கொன்னிருக்கு. பகல்லயே அதைத் தாண்டுற மாதிரி கிளம்புங்க.

தஞ்சாவூரிலிருந்து: ரயில் வந்து சேர்ந்து எத்தனை நாளுக்குள்ள எடுக்கணும்?

நாள் கணக்கு இல்லைங்க, மணிக் கணக்கு. இலவச நேரம் கொஞ்சம்தான், அது முடிஞ்சதும் வார்ஃபேஜ், அதாவது எடுக்காம வெச்சிருக்கிறதுக்கான கட்டணம், ஓட ஆரம்பிச்சுடும். ரசீதோட ஒரிஜினலும் அடையாள அட்டையும் கொண்டு போங்க. ஒரு ஸ்பேனரும் காலி கேனும் மறக்காதீங்க. டேங்க் காலி, பேட்டரி வயர் கழட்டியிருக்கு. சில பங்க்ல கேன்ல பெட்ரோல் தரமாட்டாங்க, அப்ப பங்க் வரைக்கும் தள்ளிட்டுத்தான் போகணும். கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க.