கழகம் மாறுவது தோல்வியா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்து உதைபந்தாட்டத்தை விடாமல் பார்ப்பேன். ஏழு, எட்டுக் கழகம் மாறிய நடுக்கள வீரர் யாராவது களத்துக்கு வந்தால் என் கூட்டாளிமார் உடனே "இவன் எங்கேயும் நிலைக்காத ஆள்" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. (கல்லடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்களுக்குப் பட்டதுதான் சரி, தம்பி. இங்கிலாந்து நடுக்கள வீரர் ஸ்டீவ் சிட்வெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சனலில் வளர்ந்த பிள்ளை, ஆனால் முதல் அணியில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. பிரென்ட்ஃபோர்ட், பெல்ஜியத்தில் பெவெரன், பிறகு பிரைட்டன் என்று மூன்று இடங்களுக்கு இரவலாக அனுப்பினார்கள். 2003 ஜனவரியில் ரெடிங் கழகம் வாங்கியது, அங்கேதான் ஆளானார். 2005-06இல் ரெடிங் 106 புள்ளிகள் எடுத்து இரண்டாம் நிலைத் தொடரை வென்று பிரீமியர் லீக்குக்கு ஏறியது, அடுத்த பருவமே எட்டாம் இடத்தில் முடித்தது, இரண்டு பருவத்திலும் நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அவர். 2007இல் ஒப்பந்தம் முடிந்ததும் செல்சி கூப்பிட்டது. கூப்பிட்ட பயிற்றுவிப்பாளர் மொரின்யோ அந்த செப்டம்பரிலேயே கழகத்தை விட்டுப் போய்விட்டார். சிட்வெல்லுக்கு அங்கே ஒரே ஒரு பருவம்தான். அப்புறம் அஸ்டன் வில்லா. அங்கே அவரை எடுத்த பயிற்றுவிப்பாளர் மார்ட்டின் ஓ'நீல் 2010 ஆகஸ்டில் போனார், 2011 ஜனவரியில் சிட்வெல் ஃபுல்ஹாமுக்கு மாறினார்.

பாருங்கள், இரண்டு இடத்திலும் முதலில் போனது அவரை விரும்பி எடுத்த பயிற்றுவிப்பாளர். கோல் அடிக்கிறவருக்கு எந்த கோச் வந்தாலும் கணக்கு ஒன்றுதான். நடுக்களத்தில் நிற்பவரின் வேலையோ புது கோச் போடும் திட்டத்தோடு தலைகீழாகும், அதனால் முதலில் இடம் இழப்பவரும் பெரும்பாலும் அவர்தான்.

உங்கள் கூட்டாளிமாருக்கு இனிச் சொல்லப்போவதைத்தான் சொல்ல வேண்டும். ஃபுல்ஹாமுக்கு அவரை எடுத்தவர் பயிற்றுவிப்பாளர் மார்க் ஹியூஸ். 2014இல் ஸ்டோக் சிட்டியில் இருந்த அதே ஹியூஸ் அவரை மறுபடியும் கூப்பிட்டார். இருபது வயதுப் பையனாக இரவலுக்கு வைத்திருந்த பிரைட்டன், 2016இல் அவருக்கு 33 வயதாக இருக்கும்போது திரும்ப எடுத்தது. அந்த வருடம் நவம்பரில் பிரிஸ்டல் சிட்டிக்கு எதிராக ஏறத்தாழ நடுக்கோட்டிலிருந்தே அடித்து ஒரு கோல் போட்டார், 2017இல் பிரைட்டனும் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. வீடு கட்டக் கூப்பிட்ட மேசனையே பல வருடம் கழித்து மதில் கட்டவும் தேடிப் போனால், அந்த மேசனை ஊரில் யாராவது குறைத்துப் பேசுவார்களா? எத்தனை கழகம் மாறினார் என்று எண்ணாதீர்கள், அவரோடு வேலை செய்தவர்களில் யார் இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: நடுக்கள வீரர் கெட்டிக்காரரா என்பதை எதை வைத்துச் சொல்வது? கோலும் அடிப்பதில்லை, பேரும் கேட்பதில்லை. (சாய்ந்தமருது, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: கொஞ்ச நேரம் பந்தைப் பார்க்காமல் விடுங்கள், சேர். வெபர் மைதானத்திலோ கல்முனை சந்தாங்கேணியிலோ அடுத்த ஆட்டம் பார்க்கப் போனால் நடுக்களத்தில் ஒருவரை மட்டும் பத்து நிமிடம் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னரே தோளுக்கு மேலால் பின்பக்கம் ஒருதரம், இரண்டுதரம் திரும்பிப் பார்க்கிறாரா? பார்த்தவர் பந்தை வாங்கும்போதே உடம்பை அரைவாசி திருப்பி வைத்திருப்பார், பார்க்காதவர் வாங்கிய பிறகுதான் தேடுவார், அதற்குள் எதிராளி காலடியில் வந்துவிடுவார். இன்னொன்றும் இருக்கிறது. கோல் காப்பாளர் நீட்டி அடித்த பந்துக்கு இரண்டு பேர் தலை கொடுக்கத் துள்ளுவார்கள் அல்லவா, அப்போது துள்ளாமல் அஞ்சாறு அடி தள்ளி நின்று, அது எந்தப் பக்கம் சிந்தும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கும் ஆளைத் தேடுங்கள். சிந்துகிற பந்தை எடுப்பவருக்குக் கைதட்டு கிடைப்பதில்லை, ஆனால் ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். புதுக் கழகம் ஒன்று இப்படிப்பட்டவரை எடுப்பது அதற்காகத்தான்.

கேள்வி: மகனுக்குப் பதினேழு வயது, பாடசாலை அணியில் நடுக்களத்தில் ஆடுகிறான். ஐரோப்பாவில் ஒரு கழகத்தில் சேர்த்துவிடுவதாக ஒருவர் பத்து லட்சம் கேட்கிறார். நகையை வைத்துக் கொடுக்கலாமா? (களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்)

பதில்: வேண்டாம் அம்மா, ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயது ஆகாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றுவதை உலக உதைபந்தாட்ட அமைப்பான பிஃபாவின் விதி தடுக்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. பெற்றோர் உதைபந்தாட்டத்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்தால் பிள்ளை அங்கே பதியலாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உள்ளேயே மாறுவதென்றால் பதினாறு வயதிலும் முடியும். நீங்கள் எழுதியதில் மகனுக்குப் பொருந்துவது ஒன்றும் இல்லை. கழகம் உண்மையானதாகவே இருந்தாலும் இந்த வயதில் அவனைப் பதிய வழியில்லை, விசிட் விசாவில் கொண்டுபோய் விட்டுவிட்டால் பிறகு பிள்ளையைத் தேடுவது உங்கள் பாடு. முகவராகத் தொழில் செய்யப் பிஃபாவின் உரிமம் வேண்டும், உரிமம் பெற்றவர்களின் பெயரைப் பிஃபாவின் இணையதளத்திலேயே தேடலாம், அந்த மனிதரின் முழுப் பெயரைக் கேட்டுத் தேடிப் பாருங்கள். மகன் ஏ.எல். பரீட்சையை எழுதட்டும், பின்னேரத்தில் பந்தும் ஆடட்டும். ஆட்டம் இருந்தால் பதினெட்டுக்குப் பிறகும் கேட்டு வருவார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கழகம் வளர்த்த பிள்ளை நாளைக்கு வெளிநாட்டில் ஆடினால் எங்களுக்கு என்ன மிஞ்சும்? (வாழைச்சேனை, கழகச் செயலாளர்)

பதில்: பதிவுகளை ஒழுங்காக வைத்திருந்தால் காசு மிஞ்சும். ஒரு வீரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விலைக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரைப் பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து வரை வருடத்துக்கு கால் சதவீதம், பதினாறு முதல் வருடத்துக்கு அரைச் சதவீதம். உங்களிடம் பதினாறு, பதினேழு வயதுகளில் இரண்டு வருடம் ஆடியவர் ஒரு கோடிக்கு மாறினால் உங்களுக்கு ஒரு லட்சம், அவர் மறுபடி விலைக்கு மாறினால் மறுபடியும் பங்கு. கழகம் கழகமாக மாறுகிற நடுக்கள வீரரால் ஊர்க் கழகத்துக்கு வருகிற நன்மை இதுதான். ஆனால் லீக்கில் முறையாகப் பதியாத பிள்ளைக்கு ஒன்றும் வராது, ஆகவே பதிவுப் படிவங்களைத் திகதியோடு பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: வயது 24. மாலைதீவில் ஒரு கழகம் ஒரு பருவத்துக்கு நடுக்களத்தில் ஆடக் கேட்கிறது. போகலாமா? (அக்கரைப்பற்று)

பதில்: போங்கள் தம்பி. 2021இல் நம் நாட்டில் சூப்பர் லீக் தொடங்கியபோது அதில் பத்துக் கழகங்கள் இருந்தன, கிழக்கு மாகாணத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆகவே வெளியே ஒரு வேலை வந்தால் தயங்கக் கூடாது, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். உலக வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் ஏறக்குறைய 14,000 வீரர்களிடம் கேட்டபோது, நூற்றுக்கு 41 பேர் முந்தைய இரண்டு பருவங்களில் சம்பளம் பிந்தியதாகச் சொன்னார்கள், 45 பேருக்கு மேல் மாதம் ஆயிரம் டொலருக்கும் குறைவாக வாங்கினார்கள். சம்பளத் தொகை, கொடுக்கும் திகதி, தங்குமிடம், விமானச் சீட்டு, காலில் அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒரு பருவத்தில் மூன்று கழகங்களில் பதியலாம், ஆனால் பொதுவாக இரண்டுக்குத்தான் ஆடலாம், எனவே இந்த வருடம் இங்கே யாருக்கு ஆடினீர்கள் என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள்.

இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், குறைந்தது பதினைந்து நாள் தவணை கொடுத்து எழுத்தில் கேளுங்கள், அதற்குப் பிறகும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தத்தின் ஒரு பிரதி உங்கள் கையில், இன்னொன்று வீட்டில். கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துப் பார்க்க ஒரு கிழமை கேளுங்கள். தர மாட்டோம் என்றால் அந்தக் கழகத்தை விட்டுவிடுங்கள், இருபத்துநாலு வயதில் இன்னொன்று வரும்.